பாதி மடி

நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சிவப்புப் புழுதி மறந்திருக்காது. கப்பலில் ஏற்றத் துறைமுகத்தில் மலைமலையாகக் குவித்து வைத்திருந்த இரும்புத் தாது, காற்று திரும்பும்போதெல்லாம் ராயபுரத்துக்குள் வந்து இறங்கும். கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் சாயத்தில் முக்கியதுபோலத்தான் திரும்ப எடுக்க வேண்டும். சோற்றில், தலைமயிரில், கோயிலில் மாதாவின் நீல முக்காட்டு மடிப்பில், எங்கும் அதுதான். இப்போது ஊர்க்காரர்கள் ஒன்று கூடினால் அந்தக் காலத்தைச் சர்க்கரை போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்குச் சொல்ல இருப்பது, அந்தப் புழுதி படிந்து செம்பட்டையாகிப்போன ஒரு வெள்ளாட்டைப் பற்றி. அதை வளர்த்த என் அத்தையைப் பற்றி.

அத்தை என் நைனாவின் தங்கை. எண்ணூரில் படகு வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு விவரம் தெரிய ஆரம்பித்த வயதில், ஒரு காலை நேரம், தகரப் பெட்டி ஒன்றை இடுப்பிலும் ஒரு பெட்டை ஆட்டுக்குட்டியைக் கயிற்றிலும் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். இடது மணிக்கட்டு வீங்கி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நைனா பெட்டியைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"எத்தினி நாளைக்கி?" என்று மட்டும் கேட்டார்.

 அம்மாதான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

குட்டி வளர்ந்து ஆடாயிற்று. தோள்வரை தொங்கும் காதும், மேடு தட்டிய மூக்குமாக வடநாட்டுக் கலப்பு ஆடு. அத்தை அதை ராணி என்று கூப்பிடுவாள். அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கிய காலம் அது. கூட்ஸ் வண்டியிலிருந்து தண்டவாளத்தில் சிந்தும் கோதுமையைத் தின்று, சுவரில் ஒட்டிய போஸ்டர்களைப் பசையோடு உரித்துத் தின்று, ராணி பளபளவென்று இருந்தாள். முதல் ஈற்றிலேயே நல்ல பால். பெரிய தெருவில் ஒரு பாய் வீட்டு மருமகளுக்குத் தாய்ப்பால் போதவில்லை, அந்த வீட்டுக்கு ஒரு செம்பு. நெஞ்சுச் சளியோடு படுத்திருந்த ரிட்டயரான டீச்சருக்கு ஒரு டம்ளர். அந்தப் பால் இருந்ததால்தான் அத்தையால் எங்கள் வீட்டில் தட்டெடுத்து உட்கார முடிந்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

அத்தை பால் கறப்பதைப் பார்க்க நான் விடிகாலையில் எழுந்துவிடுவேன். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவுவாள். பழைய துணியால் ஒற்றி எடுப்பாள். முதல் இரண்டு பீச்சு தரையில். அப்புறம் நெற்றியை ஆட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். பித்தளைச் செம்பின் அடியில் சர் சர்ரென்று விழும் சத்தம், நுரை கட்டக் கட்ட மெத்தென்று ஆகிவிடும். வீங்கிக் கோணிய அந்தக் கை அந்த நேரத்தில் மட்டும் கோணலாகத் தெரியாது.

அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கியபோது ராணி இரண்டாம் ஈற்றில் ஒரு குட்டி போட்டிருந்தாள். நைனா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கூட்டத்துக்கு ஒரு மேஸ்திரி. இன்னொரு மேஸ்திரி வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், அவர் கை காட்டுகிறவருக்குத்தான் கிடைக்கும் என்று பேச்சு. நைனா எந்நேரமும் மேஸ்திரி பேச்சாகவே இருந்தார். அப்படி ஒருநாள் வந்து சொன்னார்:

"மேஸ்திரி வூட்ல அந்தம்மா ஆட்டுப்பாலு கேக்குதாம். நாயித்துக்கெயம பூசைக்கி அப்பால வந்து ராணிய பாக்க சொல்லிக்கிறேன். புட்ச்சிருந்தா இட்டுகினு போவட்டும்."

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"அது என் ஆடுண்ணே."

"யாரு இல்லன்னா? நீ யாரு வூட்ல கீற?"

முறம் மறுபடி ஆட ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலை கறந்ததோடு சரி. அதற்குமேல் கறக்கக்கூடாது என்று நைனா சொல்லிவிட்டார். சந்தையில் மாடு ஆடு விற்கிறவர்கள் செய்கிற வேலைதான். பாலைக் கறக்காமல் விட்டால் மடி பானைபோல் புடைத்துத் தெரியும், பார்க்கிறவர் மயங்கிவிடுவார். குட்டி முட்டிக் குடித்துவிடக்கூடாதென்று அதைக் கோழி மூடும் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்தார். குட்டி உள்ளே கத்தும். ராணி வெளியே கத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். மேஸ்திரி வரவில்லை. மத்தியானம் ஆயிற்று. ராணியின் மடி பளபளத்து, காம்புகள் இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றன. பின்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் நின்றாள். சொட்டுச் சொட்டாகப் பால் தானே ஒழுகியது. அத்தை செம்பைக் கையில் எடுத்தாள்.

"அண்ணே, கல்லு மாரி ஆயிப்போச்சு. கொஞ்சமா கறந்து வுட்டுர்றேன்ண்ணே. வலில நிக்கிது பாரு."

"கறந்தேன்னா தெரியும் சேதி. இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி வருவாரு."

மறுநாளும் மேஸ்திரி வரவில்லை. ஏன் வரவில்லை என்பது வெகுநாள் கழித்து, நைனாவோடு வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நைனா திங்கட்கிழமை துறைமுகத்தில் அவரைப் பிடித்து நினைவுபடுத்தியபோது, "ஆடா? இன்னா ஆடு? எங்க வூட்ல ஆட்டுப்பாலு வாசனையே ஆவாதுப்பா" என்றாராம். எப்போதோ பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விட்டிருக்கிறார். அதை நைனா பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார். கறக்கலாம் என்றும் சொல்லவில்லை. அத்தை அவரைக் கேட்கவில்லை, செம்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பால் வரவில்லை. ஒரு பக்கத்துக் காம்பில் திரிதிரியாக ஏதோ வந்தது. மறுபக்கத்தைத் தொட்டதும் ராணி கத்திக்கொண்டு உதைத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. விடிந்தபோது அந்தப் பக்கம் தொட்டால் பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தது. ஊதா நிறம். ஊதாவுக்கு மேலே கறுப்பு. பிழிந்தால் பாலில்லை, இறைச்சி கழுவிய தண்ணீர்போல் ஒன்று, சின்னச் சின்னக் குமிழிகளோடு. அந்த நாற்றம் தாதுப் புழுதியையும் மீன் வாடையையும் தாண்டித் தெரு முனைவரை போயிற்று.

அம்மா கண்ணேறு என்றாள். மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்து கறுத்த இடத்தில் சிலுவை போட்டாள். நைனா வேலைக்குப் போகும் வழியில் கறிக்கடை பாயை அனுப்பி வைத்தார், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று. பாய் வந்து குனிந்து பார்த்தார். தொடக்கூட இல்லை.

"இது கறிக்கி ஆவாதும்மா. ஒடம்பு பூரா வெசம் ஏறிகினு கீது. இத்த நான் அறுத்தா எனக்குப் பாவம்" என்றார். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாட்டாஸ்பத்திரிக்கி இட்டுகினு போ. அங்க அறுத்து தெச்சி வுட்ருவாங்களாம். பொயச்சாலும் பொயைக்கும். இங்க வெச்சிகினு இருந்தா சாயங்காலம் தாங்காது" என்றார்.

ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டுப் பேசியதும் அவர்தான். அது கை ரிக்‌ஷா. அத்தை ஏறி உட்கார்ந்து ராணியை மடியில் கிடத்திக்கொண்டாள். காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டாள். அம்மா வாசலில் நின்று, "அவரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

ரிக்‌ஷாக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "கலீஜு, கலீஜு. நாளிக்கி எவன் ஏறுவான் என் வண்டில?" யானைக்கவுனிப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுபோயிற்று. நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். அத்தையின் புடவை முழுக்க அந்த நாற்றத் தண்ணீர். அவள் ஆட்டின் காதை மட்டும் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வண்டிமாடுகளும், ஒரு ஜட்கா குதிரையும், எருமைகளும் காத்துக்கொண்டிருந்தன. நாற்றத்தினால் எங்களை முதலில் உள்ளே விட்டுவிட்டார்கள். டாக்டர் இளவயதுக்காரர், கண்ணாடி போட்டவர். மடியின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கே சூடு இருக்கு. இதுக்கு அந்தப் பக்கம் செத்துப்போச்சு. செத்ததை எடுத்துடணும். இல்லேன்னா ஆடு போயிடும். எடுத்தாலும் போகலாம், சொல்லிட்டேன்."

"எடுங்க சார்," என்றாள் அத்தை.

அந்த நேரத்தில்தான் நைனா சைக்கிளில் வந்து இறங்கினார். காக்கி உடுப்பு, முகமெல்லாம் சிவப்புப் புழுதி. யாரோ துறைமுகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டே கேட்டார்:

"எவ்வளவு நேரம் கறக்காம விட்டீங்க?"

நைனா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவதான் சார் கறக்கறது. நான் ட்யூட்டிக்கிப் போற ஆளு. மறந்துட்டு வேற வேலைல இருந்துட்டா போல."

அத்தை அவரைப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"நைனாதான் சார் கறக்கவேணாம்னு சொல்ச்சு. மேஸ்திரிக்கி காட்டணும்னு சொல்ச்சு."

அறை காதோடு விழுந்தது. சுவரில் சாய்ந்துவிட்டேன். எல்லாச் சத்தமும் எங்கோ தூரத்தில் கேட்டது. டாக்டர், "ஏம்பா, குழந்தையை அடிக்காதே" என்றார். அவ்வளவுதான். என்னிடம் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. திரும்பி அத்தையிடம் சொன்னார்: "வாயில்லா ஜீவனை வளர்க்கிறவங்களுக்குக் கவனம் வேணாமா? பால் கட்டிக்கிட்டா அதுக்கு எப்படி வலிக்கும்? நீயும் ஒரு பொம்பளைதானே, உனக்குத் தெரியாதா?"

எண்ணூரில் அத்தைக்கு ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போனதும், பால் கட்டிக் காய்ச்சலில் அவள் கிடந்ததும், அந்த நிலையில் கஞ்சி வைக்க எழுந்திருக்கவில்லை என்று புருஷன் அவள் மணிக்கட்டைத் திருகி உடைத்ததும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். டாக்டருக்குத் தெரிய வழியில்லை. நைனாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

சிமெண்டு மேடையில் ராணியை மல்லாத்திப் படுக்கவைத்தார்கள். பின்னங்கால்களை அகட்டிக் கட்டினார்கள். அத்தை தலைமாட்டில் நின்று முகத்தைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். மயிரை மழித்து, மஞ்சளாக ஏதோ பூசி, மடியைச் சுற்றி வரிசையாக ஊசி குத்தினார்கள். கத்தி இறங்கியபோது ராணி கத்தவில்லை, பல்லைக் கடிக்கும் சத்தம்தான் கேட்டது. தோலைப் புத்தக அட்டைபோல் திறந்தார் டாக்டர். உள்ளே விரல் தடிமனுக்கு ஒரு ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது. அதை இரண்டு இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டி நடுவில் வெட்டினார். நல்ல பக்கத்துக்கும் கெட்ட பக்கத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சவ்வு. அதன் ஓரமாகவே கத்தி போயிற்று. கடைசியில் அந்தக் கறுத்த பாதி தனியாகக் கழன்று எனாமல் பேசினில் தொப்பென்று விழுந்தது. காம்போடு. தோலை இழுத்துத் தைத்து, சீழ் வடிய அடியில் கொஞ்சம் திறந்தே விட்டார். அவர் கை நல்ல கை. அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

நைனா வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

ராணி பிழைத்தாள். அத்தைதான் பிழைக்க வைத்தாள். பெர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீரில் புண்ணைக் கழுவுவது, பொடி தூவுவது, ஊசிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போய்வருவது, ஈ மொய்க்காமல் தன் பழைய உள்பாவாடையைக் கிழித்து மடிக்கு உறை தைத்துக் கட்டுவது. குட்டிக்கு பாட்டிலில் துணி சுற்றி மாட்டுப்பால் கொடுத்தது நான். தையலோரம் சீழ் வடிந்து, பிறகு ரோஜா நிறத்தில் சதை ஏறி, மெல்ல மெல்லச் சுருங்கியது. ராணி மறுபடி போஸ்டர் கிழிக்க ஆரம்பித்த அன்று அத்தை சிரித்தாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

ஆனால் தெருவுக்கு வேறு கதை போய்விட்டிருந்தது. நைனா எல்லாரிடமும் சொல்லிவிட்டார், தங்கச்சி கவனிக்காமல் விட்டதில் ஆடு அழுகிப்போயிற்று என்று. சொல்லச் சொல்ல அவரே அதை நம்பிவிட்டார் என்றுகூட நினைக்கிறேன். மேஸ்திரியிடம் பட்ட அவமானத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டுமே. குழாயடியில் பெண்கள், "புருசனையும் பாத்துக்கல, ஆட்டையும் பாத்துக்கல" என்று அத்தை காதுபடவே பேசினார்கள். பெரிய தெரு பாய் வீட்டில் வேறு இடத்தில் பால் வாங்க ஆரம்பித்தார்கள், நோய்ப்பட்ட ஆட்டின் பால் குழந்தைக்கு வேண்டாமென்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது. டீச்சர் மட்டும் ஆளனுப்பி விசாரித்தார். அத்தை சாப்பிட உட்காரும்போது நைனா எழுந்து வெளியே போக ஆரம்பித்தார்.

ஈஸ்டர் கழிந்த வாரம் எண்ணூர்க்காரர் வந்தார். சலவைச் சட்டை, தலையில் எண்ணெய், கையில் வாழைப்பழச் சீப்பு. சொல்லியனுப்பியது நைனா. பங்குச் சாமியாரும் வந்திருந்து, குடும்பம் பிரியக்கூடாது என்று இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் தகரப் பெட்டியைத் தானே எடுத்து வந்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் ராணியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"அத்த வுடு," என்றார் நைனா.

"என் ஆடுண்ணே. நான் வரப்போ கொண்டாந்தது."

"கொண்டாந்து இன்னா பண்ண? பாதி மடி பூட்ச்சு. மீதியையும் சாவடிக்கவா இட்டுகினு போற?"

கயிற்றை அவள் கையிலிருந்து பிடுங்கினார். அத்தை விடவில்லை. ஒரு கணம் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மா வந்து, "குடுத்துரும்மா. இன்னாத்துக்கு வம்பு?" என்று அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அத்தை என் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடந்தாள். ராணி தெரு முனைவரை கத்திக்கொண்டே கயிற்றை இழுத்தாள்.

அடுத்த ஈற்றில் ராணி அந்த ஒரு பக்க மடியிலேயே எங்கள் வீட்டுக்கும் டீச்சருக்கும் போதுமான பால் கொடுத்தாள். நைனாவுக்கு அது பெருமையாகிப்போனது. வீட்டுக்கு யார் வந்தாலும் ராணியைத் திருப்பி நிறுத்தித் தழும்பைக் காட்டுவார். "ஆபரேசன் பண்ணது. எல்லாரும் அறுத்துருன்னாங்க. நான் வுடலியே. டாக்டராண்ட தூக்கிகினு போயி பொயக்க வெச்சேன்." கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். இரக்கமுள்ள மனிதர் என்று பெயர். மேஸ்திரி வேலை அவருக்குக் கிடைக்கவில்லை, இந்தப் பெயர் கிடைத்தது. அவர் சவப்பெட்டி பக்கத்தில் நின்று துறைமுகத்துக்காரர் ஒருவர் இதையே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கேட்டேன்.

அத்தை போய் மறு வருஷ மழைக்காலத்தில் இறந்துபோனாள். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் என்று எங்களுக்குச் சேதி வந்தது. குழந்தையும் தங்கவில்லை. உடம்பைக் கழுவ அம்மா போய்வந்தாள். வந்தவள் குளித்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள்.

அம்மா எங்களோடு கடைசியாக இருந்த நாட்களில், நைனா போய் வெகுகாலம் ஆன பிறகு, ஒரு மத்தியானம் தானாகவே ஆரம்பித்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"உங்க அத்தைக்கி காய்ச்ச இல்லடி. பாலு கட்டிகினு மாரு பூரா பயுத்துப் போச்சு. சாம்பல சுட வெச்சி ஒத்தடம் குடுத்துகினே இருந்துக்கிறானுங்க பாவிங்க. நான் கயுவ சொல்லோ பாத்தேன். ஒரு பக்கம் கறுத்து, சில்லுன்னு… அந்த ஆட்டுக்கு இருந்திச்சே, அதே மாரி."

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தேன்.

"ஆள் அனுப்பிக்கிறா. இந்த வூட்டுக்குத்தான். அண்ணன வரச் சொல்லு, என்ன ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போவச் சொல்லுன்னு. அவ பக்கத்து வூட்டுப் பையன் வந்து வாசல்ல நின்னு சொன்னான். உங்க நைனா துண்ணுகினு இருந்தாரு. 'அவன் பொண்டாட்டி, அவன் பாத்துப்பான்'னு சொல்லிட்டு கைய கயுவினாரு."

"நீ எங்கம்மா இருந்தே?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இங்கதான். அவருக்கு சோறு போட்டுகினு இருந்தேன்."